99 நிமிடத்துக்கு ஒரு முகம்

டார்க்மேன் என்கிற ஹாலிவுட் சூப்பர்ஹீரோ வரிசையில் மூன்று படங்கள். முதல் படம் 96 நிமிடம், அடுத்தது 93, மூன்றாவது 87. கதைப்படி நாயகன் தயாரிக்கும் செயற்கைத் தோல் வெளிச்சத்தில் 99 நிமிடம்தான் தாங்கும். அதற்கப்புறம் கொப்புளித்து, புகைந்து, குழம்பாக வழிந்துவிடும். அவன் யாருடைய முகத்தையாவது மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால், இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் முழுசாகப் பார்த்துவிட்டு முகம் உருகுவதற்குள் எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவது படத்தின் பெயர் 'டார்க்மேன் 3: டை டார்க்மேன் டை'. நாயகனையே பார்த்து "செத்துத் தொலை" என்று சொல்கிற தலைப்பு. 1996 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியானது. வெளியானது என்றால் தியேட்டரில் இல்லை, நேராக வீடியோ கடை அலமாரியில். 1995 ஜூலையில் வந்த இரண்டாவது படத்துக்கும் அதே கதிதான். இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "பேரை வைத்துக் காசு பார்த்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காசு பார்க்கத்தான் எடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காசு எந்த வழியில் வந்தது, எங்கெங்கே மிச்சம் பிடித்தார்கள், மிச்சம் பிடித்த இடத்தில் கதைக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தால் விஷயம் இருக்கிறது. சிக்கனமாக எடுப்பதற்கென்றே யாரோ யோசித்துவைத்த மாதிரி ஒரு கரு இந்த வரிசைக்கு அமைந்துவிட்டது. அதை யோசித்தவருக்கு அப்படியொரு எண்ணமே இருந்திருக்காது.

யோசித்தவர் முதல் படத்தை இயக்கிய சாம் ரெய்மி. அவருக்கு 'பேட்மேன்' இயக்க ஆசை இருந்தது, கிடைக்கவில்லை. பழைய வானொலி நாடகங்களில் புகழ்பெற்ற 'ஷேடோ'வைப் படமாக்க முயன்றார், அதுவும் கைகூடவில்லை. சரி, யாரிடமும் போய் நிற்க வேண்டாம், நாமே ஒருவனைப் படைத்துவிடுவோம் என்று ஒரு சிறுகதை எழுதினார். அதிலிருந்து வளர்ந்தவன்தான் டார்க்மேன். காமிக்ஸ் புத்தகம் எதிலிருந்தும் வராத சூப்பர்ஹீரோ. படமெடுத்த யுனிவர்சல் நிறுவனம் 1920களிலும் 30களிலும் பேய்ப் படங்களுக்குப் பேர்போனது. முகம் சிதைந்து ஒப்பேரா அரங்கின் நிலவறையில் ஒளிந்து வாழ்பவன், உடம்பு முழுக்கத் துணி சுற்றிய பிரேதம், கட்டுக்குள் ஒன்றுமே இல்லாத மாயமனிதன் என்று அந்தக் கூட்டத்தின் ரத்தம் டார்க்மேனின் உடம்பிலும் ஓடுகிறது.

கதை இது. தீக்காயம் பட்டவர்களுக்காகச் செயற்கைத் தோல் செய்ய முயலும் விஞ்ஞானி பெய்ட்டன் வெஸ்ட்லேக். அவருடைய காதலி ஒரு வழக்கறிஞர். ஒரு லஞ்ச விவகாரத்தின் ஆவணம் அவள் கைக்கு வர, அதைத் தேடி ராபர்ட் டுரான்ட் என்கிற ரவுடியும் அவன் ஆட்களும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார்கள். வெஸ்ட்லேக்கை அமிலத்தில் முக்கி, கூடத்தையே வெடிக்கவைத்துவிட்டுப் போகிறார்கள். பெயர் தெரியாத நோயாளியாக ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவருக்கு வலி தெரியக் கூடாது என்று மருத்துவர்கள் மூளைக்குப் போகும் நரம்பைத் துண்டித்துவிடுகிறார்கள். வலி போய்விடுகிறது. தொடு உணர்ச்சியும் கூடவே போய்விடுகிறது. அந்த இடத்தை அடக்க முடியாத ஆத்திரமும், உடம்பில் தறிகெட்டுச் சுரக்கும் அட்ரினலின் கொடுக்கும் பலமும் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் அவர் தப்பித்து, கட்டுப் போட்ட முகமும் நீளக் கோட்டுமாக இருட்டில் ஒதுங்குகிறார். எதிரிகளைப் புகைப்படம் எடுத்து, அவர்கள் முகத்தைத் தோலாக வார்த்து மாட்டிக்கொண்டு, ஒருவனை இன்னொருவன் மேல் சந்தேகப்படவைத்துத் தீர்த்துக்கட்டுகிறார். ஆள்மாறாட்டம்தான் ஆயுதம்.

லியம் நீசன் நாயகன். அப்போது அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. காதலி ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட். டுரான்டாக லாரி டிரேக். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மனவளர்ச்சி குன்றிய அப்பாவியாக நடித்து எம்மி விருது வாங்கியவரை, சுருட்டு வெட்டும் கருவியால் மனிதர்களின் விரலை நறுக்கும் வில்லனாக்கினார் ரெய்மி. சுமார் 1.5 கோடி டாலர் செலவு. 1990 ஆகஸ்டில் வெளியாகி முதல் வாரமே அமெரிக்க வசூலில் முதலிடம். உலகம் முழுக்கச் சேர்த்து 5 கோடி டாலருக்குச் சற்றே குறைவாக வந்தது. நல்ல லாபம்தான், ஆனால் முந்தைய வருடம் 'பேட்மேன்' அள்ளிய தொகைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஒரு ஸ்டுடியோவுக்கு இது தர்மசங்கடமான வெற்றி. விட்டுவிடவும் மனசு வராது, அடுத்ததற்குப் பெரிய தொகை போடவும் கை வராது.

முதலில் தொலைக்காட்சிப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். 1992இல் அரை மணி நேர முன்னோட்டப் பகுதி ஒன்று, அதாவது பைலட், எடுக்கப்பட்டது. அது ஒளிபரப்பாகவே இல்லை. அதற்குள் நீசன் 1993இல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போய்விட்டார். முகத்தில் துணி சுற்றிக்கொண்டு கத்துவதற்கு அவர் இனித் திரும்பி வரும் விலையே வேறு. ரெய்மிக்கும் அவருடைய கூட்டாளி ராப் டாபர்ட்டுக்கும் கை நிறைய வேலை. 1994இல் ஹெர்குலிஸ் தொலைக்காட்சிப் படங்கள், 1995இல் 'ஜீனா' தொடர் என்று நியூசிலாந்தில் ஒரு தொழிற்சாலையையே நடத்திக்கொண்டிருந்தார்கள். டார்க்மேன் தொடர்ச்சிகளில் இருவர் பெயரும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள் என்று வரும். இயக்கம் அவர்களுடையது இல்லை.

அப்படியானால் யாருக்காக எடுப்பது? இங்கேதான் வீடியோ கடை வருகிறது. இந்தக் கணக்கு புரியாவிட்டால் 1990களின் பாதிப் படங்கள் ஏன் எடுக்கப்பட்டன என்பதே புரியாது.

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு கடைக்காரர் வீடியோ கேசட்டை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அது அவர் பொருள். ஆயிரம் தடவை வாடகைக்கு விடலாம். ஸ்டுடியோவுக்கு அதில் ஒரு காசு தர வேண்டியதில்லை. ஸ்டுடியோக்கள் சும்மா இருக்குமா? கேசட்டின் விலையைத் தூக்கிவைத்தன. வாடகைக் கடைகளைக் குறிவைத்து வெளியாகும் படத்தின் கேசட் 70, 80, சில நேரம் 100 டாலர் வரை போகும். வீட்டுக்கு வாங்கி வைத்துக்கொள்ள யாரும் அந்த விலை தர மாட்டார்கள். கடைக்காரர் தருவார், ஏனென்றால் மூன்று டாலர் வாடகையில் முப்பது தடவை போனால் முதல் திரும்பிவிடும். ஊருக்கு நாலு கடை இருந்த காலம் அது. கடைக்கு ஒன்றிரண்டு பிரதி வாங்கினாலே தயாரிப்பாளருக்குப் பெரிய தொகை சேர்ந்துவிடும். தியேட்டருக்கு என்றால் பிரதிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் ஃபிலிம் பிரிண்டை நூற்றுக்கணக்கில் போட வேண்டும், நாடு முழுக்க டிவி விளம்பரம் கொடுக்க வேண்டும், வசூலில் தியேட்டர்காரருக்குப் பங்கு தர வேண்டும். கேசட்டுக்கு இதில் எதுவும் கிடையாது.

ஒரே ஒரு பிரச்சினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரி முன்னால் நிற்கும் வாடிக்கையாளர் இருநூறு அட்டைகளில் எதை எடுப்பார்? ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயரைத்தான் எடுப்பார். அந்தப் பெயரைக் கேள்விப்படவைக்கும் செலவை 1990லேயே செய்தாகிவிட்டது. "யார் இந்த டார்க்மேன்?" என்று கேட்கும் சுவரொட்டிகளை அன்றைக்கு ஒட்டினார்களே, அந்தப் பணத்தின் வட்டியில்தான் இரண்டாவதும் மூன்றாவதும் பிழைத்தன. கேசட் வாடகைக்கு எடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும்: அட்டையில் இருக்கிற படம் எப்போதும் உள்ளே இருக்கிற படத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

இதில் யுனிவர்சல் தனியாகவும் இல்லை. 1994இல் டிஸ்னி 'அலாவுதீன்' கதையின் தொடர்ச்சியை நேராக வீடியோவில் விட்டு ஒரு கோடிக்கும் மேல் பிரதிகள் விற்றது. அது குறைந்த விலையில் வீட்டுக்கே விற்கும் குழந்தைகள் சந்தை, கணக்கு வேறு. ஆனால் எல்லா ஸ்டுடியோவின் காதிலும் அந்த எண்ணிக்கை விழுந்தது. யுனிவர்சல் தன் பழைய பெட்டிகளைத் திறந்து, பெயர் தெரிந்த கதைகளை எடுத்துத் தூசி தட்டத் தொடங்கியது. டைனோசர் குட்டிகளின் கார்ட்டூனுக்குத் தொடர்ச்சி, மண்ணுக்கடியில் ஊரும் ராட்சதப் புழுக்களின் 'ட்ரெமர்ஸ்' படத்துக்குத் தொடர்ச்சி, டார்க்மேனுக்கு இரண்டு. டார்க்மேனில் இன்னொரு சௌகரியம், இதில் காமிக்ஸ் நிறுவனம் எதுவும் குறுக்கே கிடையாது. உரிமைக்காக யாரிடமும் பேச வேண்டியதில்லை, சொந்தத் தோட்டத்துக் காய்.

இரண்டு படங்களையும் கனடாவின் டொரன்டோவில், ஒரே இயக்குநரை வைத்து, அடுத்தடுத்து எடுத்து முடித்தார்கள். கனடிய டாலர் அப்போது 73 அமெரிக்க சென்ட் பக்கம் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து போகும் ஒவ்வொரு டாலரும் அங்கே போய் ஒன்றே கால் டாலருக்கு மேல் ஆகிவிடும். நகரமும் அமெரிக்க நகரத்தின் சாயலில் இருக்கும். ஒரு நாயகன், ஒரு குழு, ஒரு வாடகை, இரண்டு படம். இயக்குநர் பிராட்ஃபோர்ட் மே தொலைக்காட்சி ஒளிப்பதிவாளராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர். ஒளிப்பதிவையும் அவரே பார்த்துக்கொண்டார். இரண்டு சம்பளத்துக்கு ஒரே ஆள் என்பது மட்டுமல்ல லாபம். கேமராவை எங்கே வைப்பது என்று இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் நின்று விவாதிக்கும் நேரமும் மிச்சம். இசைக்கும் இதே வழிதான். முதல் படத்துக்கு டேனி எல்ஃப்மேன் போட்ட மெட்டுகளை வைத்துக்கொண்டு ராண்டி மில்லர் புதுப் பின்னணி அமைத்தார். டைட்டில் ஓடும்போது காதை மட்டும் திறந்து வைத்தால் 1990ஆம் வருடத்துப் படம் என்றே தோன்றும்.

நாயகனுக்கு என்ன செய்தார்கள்? தென்னாப்பிரிக்க நடிகர் ஆர்னால்ட் வோஸ்லூவைப் போட்டார்கள். அவரைக் கண்டுபிடித்த பாதை முக்கியம். 1993இல் ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ தன் முதல் ஹாலிவுட் படமான 'ஹார்ட் டார்கெட்'டை யுனிவர்சலுக்காக எடுத்தார். ஆங்கிலம் சரளமாக வராத வெளிநாட்டு இயக்குநர் என்ற பயத்தில், தேவைப்பட்டால் கைகொடுக்கட்டும் என்று ஸ்டுடியோ ரெய்மியைப் பக்கத்தில் வைத்திருந்தது. தேவைப்படவில்லை. அந்தப் படத்தில் வில்லனின் வலதுகையாக, அமைதியான குரலில் மிரட்டியவர் வோஸ்லூ. ஜான் வூவின் பெயரை மறக்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார்.

ஒரு தொடர் படத்தில் நாயகன் மாறினால் ரசிகன் முதல் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டே இருப்பான். டார்க்மேனில் அந்த முறைப்புக்கே இடமில்லை. இவனுக்கென்று முகம் இல்லை என்பதுதானே கதை! முதல் படத்தின் கடைசிக் காட்சியில் அவன் கூட்டத்தில் கலந்து மறையும்போதே வேறொரு நடிகரின் முகம்தான் மாட்டியிருக்கும். ரெய்மியின் பழைய நண்பர் புரூஸ் கேம்ப்பெல் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கு அது நண்பர்களுக்குள் ஒரு விளையாட்டு. ஐந்து வருடம் கழித்து அதுவே நடிகரை மாற்ற முன்கூட்டியே எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டாகிவிட்டது. "யார் இந்த டார்க்மேன்?" என்ற சுவரொட்டிக் கேள்விக்கு, "யார் தேதி கொடுக்கிறாரோ அவர்தான்" என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. நாயகன் யார் முகத்தை மாட்டினாலும் அந்த நடிகரே அந்தக் காட்சியில் நாயகனாக நடித்துவிடுவார். முகத்துக்குரியவனின் குரலையும் நாயகன் கேட்டுப் பழகிக்கொள்வான் என்று முதல் படத்திலேயே சொல்லிவிட்டதால் டப்பிங் தொல்லையும் கிடையாது. நம் சினிமாவில் இரட்டை வேடம் என்றால் இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும், கைகொடுக்க வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும். அந்த ஷாட்டுகளில்தான் செலவும் நேரமும் போகும். இங்கே ஒரே நடிகர் காலையில் வில்லன், மத்தியானம் வில்லன் வேஷத்தில் நாயகன். இருவரும் நேருக்கு நேர் சந்திக்கும் ஒன்றிரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் தந்திரக் காட்சி தேவையில்லை. கட்டுப் போட்ட முகத்தோடு ஓடும், குதிக்கும் காட்சிகளில் டூப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. முதல் படத்தில் நீசனின் வெந்த முகத்தை டோனி கார்ட்னரின் ஒப்பனைக் குழு பல துண்டுகளாகச் செய்து, மணிக்கணக்கில் உட்காரவைத்து ஒட்டியது. துணியைச் சுற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

இரண்டாவது படம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'டுரான்ட் திரும்பி வருகிறான்' என்று தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது. ஹெலிகாப்டரோடு மோதி வெடித்துச் சிதறியவன் கோமாவிலிருந்து எழுந்து உட்காருகிறான். எப்படிப் பிழைத்தான் என்று கேட்டால் கேட்பவன்தான் முட்டாள். நவீனத் துப்பாக்கி செய்து விற்க ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியைப் பிடித்துக்கொள்கிறான். தொழிற்சாலைக்கு அவன் கண் வைக்கும் கட்டடம் இன்னொரு இளம் விஞ்ஞானியுடையது. அந்த இளைஞன் வெஸ்ட்லேக்கைப் போலவே செயற்கைத் தோலில் ஆராய்ச்சி செய்கிறவன், 99 நிமிடத் தடையை உடைக்க உதவக்கூடியவன். அவனை டுரான்டின் ஆட்கள் கொல்ல, பழிவாங்கல் தொடங்குகிறது. லாரி டிரேக் ரசித்து நடித்திருக்கிறார். கொல்லப்பட்டவனின் தங்கையாக வரும் ரனே ஓகானர் அதே வருடம் 'ஜீனா'வில் தோழியாகப் புகழ்பெற்றார், எல்லாம் ரெய்மி வீட்டுப் பிள்ளைகள்தான். படம் முதல் பாகத்தையே கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் திரும்பக் காய்ச்சியது. ஏமாற்றவும் இல்லை, ஆச்சரியப்படுத்தவும் இல்லை.

மூன்றாவதுதான் சங்கதி.

இதில் வில்லன் பீட்டர் ரூக்கர், போதைப்பொருள் வியாபாரி. நடித்தவர் ஜெஃப் ஃபேஹி. டார்க்மேனின் உடம்பில் சுரக்கும் அந்த அசுர பலத்தை எடுத்து மருந்தாக்கி விற்க வேண்டும் என்பது அவன் திட்டம். அவனுக்குத் துணை பிரிட்ஜெட் தார்ன் என்ற பெண் மருத்துவர், அன்றைக்கு வெஸ்ட்லேக்கின் நரம்பைத் துண்டித்த குழுவில் இருந்தவர். "உனக்குத் தொடு உணர்ச்சியைத் திருப்பித் தருகிறேன்" என்று ஆசைகாட்டி அழைத்துப்போய் ஏமாற்றுகிறார். இதுவரை வழக்கமான கதைதான். ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும்: இரண்டாவது படம் பழைய வில்லனைத் தோண்டி எடுத்தது, இது பழைய காயத்தைத் தோண்டி எடுக்கிறது. பழைய வில்லனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பழைய காயம் இலவசம்.

அப்புறம் டார்க்மேன் ரூக்கரின் முகத்தை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குள் போகிறான். போனது பழிவாங்க. அங்கே இருப்பது கணவனால் கவனிக்கப்படாத மனைவி ஏஞ்சலா, அப்பாவுக்காக ஏங்கும் சின்ன மகள் ஜென்னி. 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' தொடரில் அப்போது வந்துகொண்டிருந்த ராக்சன் டாசன்தான் மனைவி. வீட்டில் எல்லோரும் ரூக்கரைக் கண்டு ஒடுங்குகிறார்கள். இவனோ அன்பாகப் பேசுகிறான், குழந்தையின் பள்ளி நாடகத்துக்குப் போகிறான். அம்மாவும் மகளும் முதலில் சந்தேகப்பட்டு, பிறகு மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறார்கள். இவனுக்கோ கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 99ஆவது நிமிடத்தில் நல்ல அப்பா உருகிவிடுவார்.

எனக்கு இந்த வரிசை முழுவதிலும் பிடித்த இடம் இதுதான், முதல் படத்தையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் படத்தில் 99 நிமிடம் என்பது பரபரப்புக்கான கருவி: முகம் உருகுவதற்குள் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். காதலியோடு பொருட்காட்சிக்குப் போகும் ஓர் அருமையான காட்சியில் மட்டும் அது சோகமாகும். மூன்றாவது படம் அந்த ஒரு காட்சியின் வலியை எடுத்து ஒரு குடும்பத்துக்குள் வைத்துவிடுகிறது. தொட்டால் தெரியாத கையைக் குழந்தை பிடித்துக்கொள்கிறது. ஒரு ஹெலிகாப்டர் சண்டைக்குப் பணமில்லாத நிலைமையில் ஒரு ஹாலும் சோபாவும் இரண்டு நடிகர்களும் செய்த வேலை இது. ஃபேஹியின் நடிப்பும் இங்கேதான் உயர்கிறது. அதே நீலக் கண், அதே கோணல் சிரிப்பு, ஆனால் உள்ளே வேறு ஆள் இருக்கிறான் என்று தோள்பட்டையின் தளர்ச்சியிலேயே காட்டிவிடுகிறார்.

இந்தத் திரைக்கதையை எழுதியவர்கள் மைக்கேல் காலரி, மைக் வெர்ப். இந்த இரண்டு பெயரும் அடுத்த வருடமே இன்னொரு படத்தில் சேர்ந்து வந்தன: 1997இல் வெளியான 'ஃபேஸ் ஆஃப்'. போலீஸ்காரனும் குற்றவாளியும் முகத்தை மாற்றிக்கொள்ளும் கதை. நிக்கோலஸ் கேஜ், ஜான் டிரவோல்டா. செலவு 8 கோடி டாலர், வசூல் 24 கோடிக்கு மேல். இயக்கியவர் ஜான் வூ. ரெய்மி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாரே, அதே ஜான் வூ.

அவசரப்பட்டு "ஃபேஸ் ஆஃப், டார்க்மேனின் காப்பி" என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் திரைக்கதை 1990களின் தொடக்கத்திலிருந்தே ஸ்டுடியோ ஸ்டுடியோவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் என் ஊகம் நேர் எதிரானது. பெரிய கதை கையில் தேங்கிக் கிடந்த வேளையில், முகம் மாற்றும் ஒரு சின்னப் படம் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. அதே முடிச்சைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 'ஃபேஸ் ஆஃப்' படத்தில் வில்லன் நாயகனின் முகத்தோடு அவன் வீட்டுக்குப் போகிறான், மனைவியோடும் மகளோடும் வாழ்கிறான். டார்க்மேனில் நாயகன் வில்லனின் முகத்தோடு போகிறான். இரண்டிலும் வேடிக்கை என்னவென்றால், போலியாக வந்தவன்தான் அசல் கணவனைவிட அக்கறையாக நடந்துகொள்கிறான்! துக்கத்தில் உறைந்துபோன போலீஸ்காரன் வீட்டில் கொலைகாரன் போய் மனைவியிடம் காதல் பேசுகிறான். போதை வியாபாரி வீட்டில் முகமில்லாதவன் போய் அப்பாவாகிறான். 8 கோடி டாலரில் எடுத்ததற்கு எல்லோரும் கை தட்டினார்கள். டொரன்டோவில் சிக்கனமாக எடுத்தது அலமாரியில் தூங்கியது. சொல்லிவிட வேண்டும், வூவின் படம் எல்லா விதத்திலும் பெரிய படம்தான். ஆனால் முடிச்சு ஒன்றுதான்.

சரி, பணமில்லாத குறை எங்கே தெரிகிறது? நகரத்தில் தெரிகிறது. முதல் படத்தில் நகரம் ஒரு பாத்திரம். அந்தரத்தில் நிற்கும் கட்டட இரும்புச் சட்டங்கள், சீனர் தெரு, ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வீதிக்கு மேலே பறப்பது. தொடர்ச்சிகளில் நகரம் என்பது ஒரு கிடங்கு, ஒரு நடைவழி, இன்னொரு கிடங்கு. துப்பாக்கிச் சண்டைகளில் எப்போதும் ஏழெட்டுப் பேர்தான், அதுவும் அதே ஏழெட்டுப் பேரோ என்று தோன்றும். ரெய்மியின் கேமரா ஆத்திரம் வந்தவன் மாதிரி தானே ஓடும், சாயும், கண்ணுக்குள் நுழையும். மே நிதானமான தொலைக்காட்சிக்காரர். ஆத்திரக் காட்சிகளில் மட்டும் ரெய்மியின் பாணியைத் தொட்டுக்கொண்டு, மற்ற நேரத்தில் பேசுகிறவர் முகத்தைப் பார்த்து நேராக வைத்துவிடுகிறார். குடும்பக் காட்சிகளுக்கு அது பொருந்துகிறது. மற்ற இடங்களில் படம் சவசவ என்று போகிறது. அரசு வழக்கறிஞரைத் தீர்த்துக்கட்ட ரூக்கர் போடும் கிளைக்கதை எனக்கு ஒவ்வொரு தடவையும் மறந்துபோகிறது.

இன்னொரு குறை, வெஸ்ட்லேக்கின் காதலியைப் பற்றியது. மெக்டார்மண்டின் ஜூலி தொடர்ச்சிகளில் இல்லை. அவளுக்காகத்தான் அவன் ஒளிந்துகொண்டான் என்று முதல் படம் நம்பவைத்தது. ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த ஏக்கத்தையே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது மூன்றாவது. நாயகனின் முகத்தை மாற்ற அனுமதிச் சீட்டு இருந்தது, நாயகியின் முகத்தை மாற்ற இல்லை.

முடிவில் தீப்பிடித்து, ஜென்னியின் முகம் வெந்துபோகிறது. வெஸ்ட்லேக்கிடம் செயற்கைத் தோல் கொஞ்சம்தான் மீந்திருக்கிறது. தனக்காக வைத்திருந்ததை அந்தக் குழந்தையின் முகத்துக்குக் கொடுத்துவிட்டு இருட்டுக்குள் போய்விடுகிறான். தீக்காயம் பட்டவர்களுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, மூன்று படம் முழுக்க எதிரிகளை ஏமாற்றப் பயன்பட்டுவிட்டு, முதல் தடவையாக ஒரு தீக்காயத்துக்கு மருந்தாகிறது. மலிவான படத்தின் மலிவான உருக்கம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் இந்தக் கதை எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கிறது.

நாலாவது படம் வரவில்லை. ரெய்மி 2002இல் 'ஸ்பைடர்மேன்' எடுத்தார். ஆசைப்பட்ட காமிக்ஸ் நாயகன் கடைசியில் கிடைத்தான், பட்ஜெட்டும் பத்து மடங்குக்கு நெருக்கமாக. வோஸ்லூவை யுனிவர்சல் 1999இல் மறுபடி கூப்பிட்டது. ஸ்டுடியோவின் 1932ஆம் வருடப் பேய்ப் படத்தைப் புதுசாக எடுத்தார்கள், 'தி மம்மி'. அவர்தான் இம்ஹோடெப். துணி சுற்றிப் புதைக்கப்பட்டு, மூவாயிரம் வருடம் கழித்து எழுந்து, கண்ணும் நாக்கும் தோலும் அடுத்தவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முகத்தை முழுசாக்கிக்கொள்கிறவர். 8 கோடி டாலர் செலவு, 41 கோடிக்கு மேல் வசூல். இந்தத் தடவை தியேட்டரில்.